ஐடிஓ நானோ பவுடர்: இணைவீழ்படிவு முறையில் பல பேட்ச் போட்ட பிறகு

ஸ்பட்டரிங் இயந்திரம் (வெற்றிடத்தில் அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படலம் பூசுவது) இல்லாமல் மின்கடத்தும் தெளிவான பூச்சு வேண்டுமென்றால், ஐடிஓ (டின் கலந்த இண்டியம் ஆக்சைடு) பவுடரைத் தயாரித்து மையாக்கிப் பூசுவது கைக்கெட்டும் வழி. பேட்ச் தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் சூளைக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது.

இண்டியம் ஆக்சைடு 90, டின் ஆக்சைடு 10 என்ற எடை விகிதத்தில் 10 கிராம் பவுடருக்கு, நான்கு நீர் மூலக்கூறு கொண்ட இண்டியம் குளோரைடு 19.0 கிராமும், ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட டின் டெட்ராகுளோரைடு 2.33 கிராமும் தேவை. இண்டியம் குளோரைடு ஈரத்தை இழுக்கும்; அடிக்கடி திறந்த பாட்டிலில் எடை பொய் சொல்லும், டின் விகிதம் ஏறிவிடும். புது பாட்டிலைத் திறந்த அன்றே மொத்தத்தையும் கரைத்து வைத்துக்கொள்வது நல்லது. டின் உப்பு கலங்காமலிருக்க நீரில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

உப்புக் கரைசலுக்குள் அம்மோனியாவை மெதுவாக விடக் கூடாது. பிஹெச் ஏறும்போது டின் முதலில் படியும், இண்டியம் பின்னால் வரும், இரண்டும் தனித்தனியாகிவிடும். அம்மோனியா கலந்த நீரைக் கலக்கிக்கொண்டே அதில் உப்புக் கரைசலையும் அம்மோனியாவையும் சேர்த்துச் சொட்ட விட்டு, பிஹெச்சை 8 அருகில் பிடித்து வைக்க வேண்டும். இப்படி இரண்டையும் ஒன்றாகப் படியவைப்பதுதான் இணைவீழ்படிவு.

அடுத்தது கழுவுதல். மிஞ்சும் குளோரைடு சூளையில் துகள்களைப் பிணைத்துக் கட்டியாக்கும்; அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் பிரியாது. கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது: சில்வர் குளோரைடு அம்மோனியாவில் கரையும், நீர் தெளிவாகவே தெரியும். முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிய பிறகே சோதனை செல்லும். உப்பு குறையக் குறைய வீழ்படிவு படிய மறுத்துப் பால்போல் மிதக்கும். பயப்பட வேண்டாம், கழுவல் முடியப்போகிறது என்றுதான் அர்த்தம். கடைசி இரண்டு கழுவல் எத்தனாலில் இருந்தால் உலரும்போது இறுகாது.

80 டிகிரியில் உலர்த்தி, காற்றில் 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் மஞ்சள் பவுடர் கிடைக்கும். மின்கடத்தல் கூட, இதை 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நீலப்பச்சையாகும். சாம்பல் நிறம் தட்டினால் உலோக இண்டியம் பிரிந்துவிட்டது, அந்தப் பேட்ச் போனதுதான். வாயு ஓட்டத்திலேயே 100 டிகிரிக்குக் கீழே ஆறிய பின்பே குழாயைத் திறக்க வேண்டும்.

எத்தனாலில் 0.3 மி.மீ. சிர்கோனியா மணிகளோடு அரைத்த மை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமாக ஊடுருவித் தெரிய வேண்டும். பால் வெண்மை கண்டால் கட்டிகள் பாக்கி. பிரிப்பான் (மையில் துகள்கள் ஒட்டாமல் தடுக்கச் சேர்ப்பது) அதிகமானால் மை அழகாக நிற்கும், படலம் கடத்தாது.

கண்ணாடியில் பூசி, பிரிப்பான் எரிய 500 டிகிரி காற்றில் சுட்டால், பவுடருக்குச் செய்த ஹைட்ரஜன் வேலை பெரும்பாலும் வீண். படலத்தை மறுபடி அதே வாயுவில் சுட வேண்டும். பிளாஸ்டிக்கில் அந்த வசதி கிடையாது. அங்கே பவுடரின் தரம்தான் எல்லாம்.

சூளையிலிருந்து எடுத்த உடனே நாலுமுனை ப்ரோபில் (படலத்தின் மின்தடை அளக்கும் கருவி) வரும் எண்ணை நம்பாதீர்கள். படலத்தில் நுண்துளைகள் அதிகம். காற்றும் ஈரமும் நுழைந்து சில நாள்களுக்கு மின்தடை ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரம் கழித்து வரும் அளவைக் குறிப்பதே நியாயம். மேலே மெல்லிய சிலிக்கா சோல் (சிலிக்கா நுண்துகள் மிதக்கும் திரவம்) பூசினால் ஏற்றம் குறையும்.

நிலைமின் தடுப்புக்கும் அகச்சிவப்பு தடுப்புக்கும் இது தாராளமாகப் போதும். ஸ்பட்டர் படலத்தின் மின்தடையெண் 10இன் அடுக்கு −4 ஓம் சென்டிமீட்டர் அளவில் இருக்கும்; துகள் படலத்தில் அது 10இன் அடுக்கு −2 பக்கம்தான். சூரிய மின்கலத்துக்கு இதை நம்பி இறங்க வேண்டாம். இன்னொன்று: இந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். உலர்ந்த பவுடரைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஃபியூம் ஹுட்டும் முகக்கவசமும் கட்டாயம்.