‘தினமும் பேக்கப்’ என்று நம்பி ஆறு வருட மெயிலை இழந்தோம்

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோடு பக்கம் சின்னதாகத் துணி இறக்குமதி செய்கிறோம். எட்டுப் பேர், எட்டு மெயில் கணக்கு. திருப்பூர், ஈரோடு ஆட்களோடு விலை பேசுவது, கப்பல் தாள்கள், இன்வாய்ஸ் எல்லாமே மெயிலில்தான். மெயிலெல்லாம் இருக்கும் பழைய சர்வர் அடிக்கடி படுத்துவிடும். மெயிலைப் புது சர்வருக்கு மாற்றித் தரத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ஆள் வந்தார். “அண்ணே, ஒரே வார இறுதியில மாத்திடலாம், தினமும் ராத்திரி பேக்கப்பும் ஓடும்” என்றார். 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று மாதம் முன்பே அந்தப் பேக்கப்பைப் போட்டும் கொடுத்தார். அதனால்தான் தைரியமாகச் சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை கடை திறந்தால், இன்பாக்ஸ் மட்டும் இருந்தது. அனுப்பிய மெயில் பெட்டியில் அவர் சோதித்துப் பார்த்த இரண்டு மெயில். ‘தீபாவளி ஆர்டர்’ என்று தமிழில் பெயர் வைத்திருந்த பெட்டி முதற்கொண்டு மற்ற எதுவும் இல்லை. மெயிலை இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப்3 வழியாக இழுத்திருக்கிறார். பாப்3-க்கு இன்பாக்ஸைத் தவிர வேறு பெட்டியே தெரியாது. ஐமேப் என்ற இன்னொரு முறையில் எடுத்திருந்தால் எல்லாப் பெட்டியும் வந்திருக்கும். இந்தத் தொழில் செய்கிறவருக்கு இது அரிச்சுவடி.

“சரி, பேக்கப்பிலிருந்து எடுங்க” என்றேன். பதில் வரவில்லை. அதிலும் இன்பாக்ஸைத் தவிர எல்லாம் காலி.

இதே வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்து லாக்கை, அதாவது அது ஓடியதன் பதிவைப் படித்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அது பேக்கப்பே இல்லை, கண்ணாடி. ராத்திரி 2 மணிக்கு எங்கள் மெயில் சர்வரின் பெயரைத் தேடிப் போய், அங்கே இருப்பதைப் போலவே நகலையும் ஆக்கிவைக்கும். இமாப்சிங்க் என்ற, மெயிலை நகலெடுக்கும் கருவி. அது தானாக எதையும் அழிக்காது. இவர்தான் டிஸ்க் நிறையக் கூடாதென்று ‘டெலீட்2’, ‘டெலீட்2ஃபோல்டர்ஸ்’ என்ற இரண்டு கட்டளைகளையும் சேர்த்திருக்கிறார். மூலத்தில் இல்லாத மெயிலையும் பெட்டியையும் நகலிலிருந்தும் நீக்கு என்று அர்த்தம். சனிக்கிழமை அந்தப் பெயரைப் புது சர்வருக்குத் திருப்பினார், ராத்திரி ஓடும் வேலையை நிறுத்தவில்லை. 2 மணிக்கு அது புது சர்வரைப் பார்த்தது, அங்கே இல்லாததையெல்லாம் எங்கள் நகலிலிருந்து துடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாத வாடகை மிச்சம் என்று பழைய சர்வரையும் மூடிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

எங்கள் கணக்கைப் பார்க்கும் அக்கா அப்போது தஞ்சாவூரில், கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருடைய லேப்டாப் ஆங் மோ கியோ வீட்டில் அணைத்தபடி இருந்தது. அவர் தண்டர்பேர்டு என்ற மென்பொருளில் மெயில் பார்ப்பவர், மெயிலெல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஒரு நகல் இருக்கும். ஆனால் நெட் கிடைத்தால் அதுவும் புது சர்வரைப் பார்த்து, அங்கே இல்லாததையெல்லாம் அழித்துவிடும். அவர் மகனைக் கூப்பிட்டு, “தம்பி, முதல்ல ரௌட்டரை ஆஃப் பண்ணு, அப்புறம் லேப்டாப்பைத் திற” என்றேன். நெட் இல்லாமலே திறந்து, எல்லாவற்றையும் சர்வரோடு தொடர்பில்லாத ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பக்கம் நகலெடுத்தோம். ஏறக்குறைய 11,000 மெயில் பிழைத்தது. வரிக் கணக்குக்கான தாள்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பெரும்பாலான இன்வாய்ஸ் அக்காவின் கணக்கில் இருந்ததால் மூச்சு விட்டேன். மற்ற ஏழு பேருக்கு இன்பாக்ஸைத் தவிர எல்லாம் போனதுதான்.

கேட்டால், “மெயில் மாத்தத்தானே காசு வாங்கினேன், டேட்டாவுக்கு நான் பொறுப்பில்லை” என்கிறார். பில்லில் ‘தினசரி பேக்கப்’ என்று அவரே எழுதியிருக்கிறார். அதையும் வாட்ஸ்அப் பேச்சையும் வைத்துச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் ஆன்லைனில் பதிந்திருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

உங்களுக்கும் யாராவது இப்படிப் போட்டுக் கொடுத்திருந்தால், இன்றைக்கே ஒரு மெயிலை வேண்டுமென்றே அழித்துவிட்டு, நாளைக் காலை அதை மீட்டுத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் உங்களிடம் இருப்பதும் கண்ணாடிதான். சர்வர் மாற்றப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் முன்பு எத்தனை மெயில், பின்பு எத்தனை என்று எழுதி வாங்குங்கள். அந்த எண்ணிக்கை ஒத்துப்போகும் வரை பழைய சர்வரை மூட விடாதீர்கள், வாடகை போனால் போகட்டும்.

திருப்பூர்க்காரர்கள் தங்களிடம் இருக்கும் பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி வரை 340 வந்திருக்கிறது.