சவுத்வெஸ்ட், ரையன்ஏர், இண்டிகோ: மலிவு டிக்கெட்டின் சுமை யார் தலையில்?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றிச் சிறு பட்டறை நடத்துகிறவர்கள் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனி விலையைக் குறைக்கச் சொல்கிறது, எங்கே குறைப்பது? மின்கட்டணம் நம் கையில் இல்லை. இரும்பு விலையும் இல்லை. மெஷின் சும்மா நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம், அல்லது ஆட்களின் கூலியிலும் ஓய்விலும் கை வைக்கலாம். இந்தக் கேள்வியில் பல பத்தாண்டுகளாக உழன்று வருவது மலிவு விமானத் தொழில். அங்கே இரண்டு வழிகளையும் நடந்தே பார்த்திருக்கிறார்கள். எந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நமக்கும் உதவும்.

முதல் வழி அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971 ஜூனில் மூன்று போயிங் 737 விமானங்களுடன் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களுக்கு இடையே பறக்கத் தொடங்கியது. நான்காவதாக ஒன்றை வாங்கி, கையில் பணமில்லாமல் 1972-ல் அதை விற்றுவிட்டது. ஆனால் நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையைக் கைவிடவில்லை. தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளப்பினால் மூன்றை வைத்தே நான்கின் வேலையை முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள், செய்தும் காட்டினார்கள். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாபுக்கு செட்டிங் மாற்றும் நேரத்தைக் குறைப்பது எப்படியோ, அப்படித்தான் இது. மெஷினும் அதுவே, ஆட்களும் அவர்களே. உற்பத்தி மட்டும் கூடுகிறது.

பத்து நிமிடத்தில் விமானம் கிளம்ப வேண்டுமானால் பெட்டி இறக்குகிறவர், எரிபொருள் நிரப்புகிறவர், பணிப்பெண், விமானி எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ‘அது என் வேலை இல்லை’ என்று ஒருவர் நின்றாலும் கணக்கு கெட்டுவிடும். மிரட்டி அந்த ஓட்டத்தை ஒரு வாரம் வாங்கலாம், முப்பது ஆண்டுகள் வாங்க முடியாது. நிறுவனர்களில் ஒருவரான ஹெர்ப் கெல்லஹர் இதை நன்றாக அறிந்திருந்தார். ஊழியர் முதலில், பயணி அடுத்து, பங்குதாரர் அதற்கும் பிறகு என்ற வரிசையை வெளிப்படையாகவே சொன்னார். 1970களிலேயே லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். பெரும்பாலான ஊழியர்கள் தொழிற்சங்க உறுப்பினர்கள். அதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மற்ற அமெரிக்க விமான நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வெளியேற்றியபோது சவுத்வெஸ்ட் ஒருவரையும் அனுப்பவில்லை. 1973 முதல் 2019 வரை தொடர்ந்து 47 ஆண்டுகள் லாபம்.

இரண்டாவது வழி அயர்லாந்தின் ரையன்ஏர். 1994-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த மைக்கேல் ஓ’லியரி, அமெரிக்கா சென்று சவுத்வெஸ்டைப் பார்த்துக் கற்றவர். ஒரே ரக விமானம், இடைநிறுத்தமில்லாத நேரடிப் பயணம், 25 நிமிடத்தில் மறுபடி புறப்பாடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். ஊழியர் முதலில் என்பதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். விமானிகளில் பலர் ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தொழிற்சங்கங்களை 2017 டிசம்பர் வரை நிறுவனம் ஏற்கவே இல்லை.

பயணிக்கும் அதே கடுமைதான். பெட்டிக்குக் காசு, இருக்கை தேர்வு செய்யக் காசு. இறங்கும் நிலையமும் கட்டணம் குறைவான தொலைதூர நிலையம். பிராங்பர்ட் பெயரைச் சொல்லி அங்கிருந்து 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹான் என்ற இடத்தில் இறக்கினார்கள். ஜெர்மானியர்கள் இதைக் கேலி செய்தார்கள். கிருஷ்ணகிரிக்காரருக்கு இது புதிதல்ல. தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையத்துக்கு நாம் ஏறக்குறைய அதே தூரம்தான் போகிறோம், நகர நெரிசல் தனி.

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ரையன்ஏர் 20 கோடிப் பயணிகளைச் சுமந்தது; ஐரோப்பாவில் அதுவே பெரியது. விமானத்தையே நினைத்துப் பார்க்காத குடும்பங்கள் அதில் பறந்தன. இதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

அப்படியானால் கடுமையே வென்றதா? லாபக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். இரு நிறுவனங்களும் எங்கே தடுக்கி விழுந்தன என்று பார்த்தால்தான் முழு விவரம் தெரியும். 2017 செப்டம்பரில் விமானிகளின் விடுப்பைச் சரியாகத் திட்டமிடாத ரையன்ஏர் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. கோபத்தில் இருந்த விமானிகள் கைகொடுக்கவில்லை. கடைசியில் சங்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று. 2022 டிசம்பர் பனிப்புயலில் சவுத்வெஸ்ட் ஏறத்தாழ 17,000 பயணங்களை ரத்து செய்தது. எந்த ஊழியர் எந்த ஊரில் நிற்கிறார் என்பதையே பழைய பணி ஒதுக்கீட்டு மென்பொருளால் கண்டறிய முடியவில்லை. அதை மாற்றுங்கள் என்று சங்கங்கள் முன்பே எச்சரித்திருந்தன. அரசு விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

ஊழியரை மதித்த நிறுவனமும் விழுந்தது, கசக்கிய நிறுவனமும் விழுந்தது. இரண்டும் விழுந்த இடம் பணிப்பட்டியல். யார், எப்போது, எத்தனை மணி நேரம் வேலை, எப்போது ஓய்வு என்ற அந்தப் பட்டியலில் கூடுதல் ஆளோ கூடுதல் நேரமோ மிச்சம் வைக்காதபோது ஒரு புயலே போதுமானதாகிவிடுகிறது.

நம் நாட்டிலும் அதுதான் நடந்தது. 2006-ல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, அதற்கு முந்தைய ஆண்டே நூறு ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்தது, நேரத்துக்குக் கிளம்பியது, உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கும் மேல் பிடித்தது. ஆனால் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதிகள் 2024 தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டும் போதிய ஏற்பாடு செய்யவில்லை. 2025 டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. அரசு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. களைத்த விமானியைக் காக்க வந்த விதி தளர்த்தப்பட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பட்டறைக்கு எதை எடுப்பது என்று கேட்டால், கெல்லஹர் காலத்துச் சவுத்வெஸ்டைத்தான் சொல்வேன். இப்போதைய சவுத்வெஸ்டை அல்ல. பங்குச்சந்தை அழுத்தத்தில் 2025-ல் அது 1,750 பேரை அனுப்பியது, பெட்டிகளைக் காசில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்ததையும் நிறுத்தியது. ரையன்ஏரிடம் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு: வாடிக்கையாளர் கேட்காததைத் தயாரித்துச் செலவழிக்காத பிடிவாதம். மூன்று நிறுவனங்களும் தராததை நாமே சேர்க்க வேண்டும். பத்து ஆபரேட்டர் தேவைப்படும் இடத்தில் பதினொன்றாவது ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதுதான் அது. பொங்கல் வாரத்தில் மூன்று பேர் ஊருக்குப் போனாலும் டெலிவரி நிற்காது.

சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு இப்போது பறப்பது இண்டிகோதான், தருமபுரிக்காரர்களுக்குப் பக்கம். ஓசூருக்கும் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் வரும் என்று தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. பெங்களூரு நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புது நிலையம் கூடாதென்ற ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. அது நீங்கி விமானங்கள் வரும் நாளில், ஒரு ரூபாய் டிக்கெட் விளம்பரத்தைவிட, ஒரு விமானத்துக்கு எத்தனை விமானிகளை வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.