யு.எஃப்.சி. 5 விளையாட்டும் மைக்கேல் பிஸ்பிங்கின் வலது கண்ணும்

டாக்டரைக் கூப்பிட்டுச் சண்டையைப் பாதியில் நிறுத்திய அந்த நிமிடத்தில்தான் இந்த வீடியோ கேம் எனக்குப் பிடித்துப்போனது. மூன்றாவது ரவுண்டு, என் ஆளின் வலது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், டாக்டர் வந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ட்ரோலர் கையில்தான் இருக்கிறது, ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். தொடரலாம் என்று விட்டார்கள். அதே கண்ணில் இன்னும் இரண்டு குத்து விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது. புள்ளிக் கணக்கில் நான்தான் முன்னால் இருந்தேன்.

யு.எஃப்.சி. என்பது கூண்டுக்குள் எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம், எம்.எம்.ஏ. என்றால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை. அதை வைத்துச் செய்த இ.ஏ. ஸ்போர்ட்ஸ் யு.எஃப்.சி. 5 வெளிவந்தது 2023 அக்டோபர் 27. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டிலும் மட்டும்தான் ஓடும், கம்ப்யூட்டரிலோ பிளேஸ்டேஷன் 4-லோ ஓடாது, எனவே வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பது எந்தப் பெட்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி வாரக் கடைசிகளில் கரியர் மோடில் மட்டுமே விளையாடியிருக்கிறேன், ஆன்லைன் பக்கம் போகவில்லை. அதனால் இது கரியர் மோடைப் பற்றிய விமர்சனம். ஒரு தொழில்முறை எம்.எம்.ஏ. வீரனின் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாழ்ந்து பார்க்கலாம் என்பதுதானே அதன் வாக்குறுதி. அதை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்று பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த வீரர் மைக்கேல் பிஸ்பிங்கையே எடுத்துக்கொண்டேன். 84 கிலோ எடைப்பிரிவு, கிக்பாக்ஸிங் அடிப்படை, இங்கிலாந்துக்காரன் என்று புதிதாக ஓர் ஆளை உருவாக்கி, அவர் போன வழியிலேயே கொண்டுபோக முயன்றேன்.

தொடக்கம் நன்றாகவே இருக்கிறது. ஒரு பயிற்சியாளர், சின்னக் கூடம், அமெச்சூர் சண்டைகள், பிறகு ஒரு சிறிய அமைப்பு, அங்கிருந்து யு.எஃப்.சி. ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் சில வாரம் முகாம். அந்த வாரங்களில் பயிற்சிக்கு எவ்வளவு, ஸ்பாரிங் என்ற ஒத்திகைச் சண்டைக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று நாம்தான் பங்கிட வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் உழைத்தால் காயம், குறைவாக உழைத்தால் கூண்டுக்குள் மூச்சு வாங்கும். இந்தப் பங்கீடு எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது, ஏனென்றால் வீரர்கள் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், சண்டை 15 நிமிடம், அதற்கு முந்தைய இரண்டு மாதம்தான் வேலை.

ஆனால் பிஸ்பிங்கின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. அப்பா ராணுவத்தில் இருந்ததால் 1979-இல் சைப்ரஸில் ஒரு பிரிட்டிஷ் ராணுவத் தளத்தில் பிறந்தவர், வளர்ந்தது லங்காஷயரில் கிளிதெரோ என்ற சின்ன ஊரில். எட்டு வயதிலேயே ஜுஜுட்சு, பிறகு கிக்பாக்ஸிங் பட்டங்கள். அதெல்லாம் சோறு போடவில்லை. தொழிற்சாலை வேலை, இறைச்சிக்கூட வேலை, இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் வேலை, தபால் வேலை என்று மாறிமாறிச் செய்தார். வீட்டில் துணைவி ரெபெக்காவும் குழந்தைகளும் இருக்க, முழுநேரமாகச் சண்டையில் இறங்குவது என்று முடிவெடுத்து நாட்டிங்ஹாமில் போய்ப் பயிற்சி செய்த நாட்களில் காரிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். விளையாட்டில் என் ஆளுக்கு வாடகை கிடையாது, பால் பவுடர் வாங்க வேண்டியதில்லை, திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் கிடையாது. வாரத்தைப் பங்கிடும் வசதியைக் கொடுத்தவர்கள் அதில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகும் என்பதை வைக்காமல் விட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம். எம்.எம்.ஏ. வீரன் ஒருவனின் முதல் ஐந்து வருடத்தில் அவனை அதிகம் அடிப்பது எதிராளி இல்லை, மாதச் செலவுதான்.

2006-இல் தி அல்டிமேட் ஃபைட்டர் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது சீசனில் வென்று பிஸ்பிங் யு.எஃப்.சி.க்குள் வந்தார். அந்தத் தொடரை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர். அடுத்த வருடம் ரஷாத் எவன்ஸிடம் நடுவர்கள் பிரிந்து தீர்ப்புச் சொன்ன சண்டையில் தோற்று, 93 கிலோ எடைப்பிரிவிலிருந்து 84-க்கு இறங்கினார். அப்புறம் 2009 ஜூலை, யு.எஃப்.சி. 100 என்ற போட்டி நிகழ்ச்சி. டான் ஹெண்டர்சனின் வலது கை ஒன்றே ஒன்று, பிஸ்பிங் தரையைத் தொடும் முன்பே நினைவிழந்துவிட்டார், விழுந்தவர் மேல் ஹெண்டர்சன் பாய்ந்து இன்னொன்றும் போட்டார். இன்று வரை அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டாத நாக்-அவுட் தொகுப்பு அபூர்வம். என் ஆளும் அதே மாதிரி ஒருமுறை விழுந்தான். அடுத்த திரையில் அடுத்த சண்டைக்கான அழைப்பு வந்துவிட்டது. உலகமே பார்த்த தோல்விக்குப் பிறகு ஒரு மனிதன் பிள்ளையைப் பள்ளியில் விடப் போக வேண்டியிருக்கும் இல்லையா, அந்த இடைவெளி இதில் இல்லை.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். 2013 ஜனவரி, சாவ் பாவ்லோ. ஜெயித்தால் பட்டப் போட்டி என்ற நிலையில் விட்டோர் பெல்ஃபோர்ட்டுடன் சண்டை. இரண்டாவது ரவுண்டில் பெல்ஃபோர்ட் இடது காலால் தலைக்கு விட்ட உதையில் பிஸ்பிங் விழுந்தார். பெல்ஃபோர்ட் அப்போது மருத்துவ விலக்கு என்ற பெயரில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்தார், அன்று அது விதிப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது, 2014-இல்தான் தடை வந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அந்தச் சண்டையில் பிஸ்பிங்கின் வலது கண் விழித்திரை பிய்ந்துபோனது. பல அறுவை சிகிச்சைகள், கண்ணுக்குள் எண்ணெய் நிரப்பிப் பார்த்தார்கள், கண் அழுத்தம் ஏறியது, கடைசியில் பார்வை போய்விட்டது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கண் பரிசோதனைகளை எப்படியெல்லாம் ஏமாற்றித் தாண்டினார் என்பதை ஓய்வு பெற்ற பிறகு அவரே சொன்னார், கண்ணின் மேல் பொருத்தியிருந்த செயற்கைக் கண்ணைக் கழற்றியும் காட்டினார்.

பெல்ஃபோர்ட்டுக்குப் பிறகு அவர் போட்டது 11 சண்டைகள். அதில் 7 வெற்றி.

இதைப் படித்துவிட்டு விளையாட்டின் காயக் கணக்கைப் பாருங்கள். மூக்கில் அடிபட்டால் மூச்சு மீள நேரமாகும், காலில் அடிபட்டால் நகர்வு குறையும், கண் வீங்கினால் தற்காப்பு பலவீனமாகும். வீரர்களின் முகத்தில் வெட்டு எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்திலிருந்தே ரத்தம் வழிகிறது, முந்தைய பாகங்களில் இவ்வளவு நுணுக்கம் இல்லை. எதிராளியின் காயத்தைப் பார்த்து அங்கேயே குறிவைப்பதும், நம் காயத்தை மறைத்து நிற்பதும் சண்டையின் யோசனையையே மாற்றிவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

ஒருநாள் ராத்திரி வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு விளையாடிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஜெயித்துக்கூட விட்டேன். டிவி தட்டையானது, அதில் தூரம் என்பதே கிடையாது, ஒரு கண் போதும். கண்ணைக் கட்டிக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போய்த் தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன், பாதி மேடையில் கொட்டியது. அப்போதுதான் உறைத்தது. கை நீட்டும் தூரத்தில் இருக்கும் தம்ளருக்கே இந்தக் கதி என்றால், தன் முகத்தை நோக்கி வரும் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமல், வலது பக்கம் முழுக்க இருட்டாக வைத்துக்கொண்டு, ஐந்து ரவுண்டு முன்னாள் சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவுடன் ஒரு மனிதன் நின்றிருக்கிறார்.

அந்தச் சண்டை 2016 பிப்ரவரி, லண்டன். மூன்றாவது ரவுண்டு முடியும் நேரத்தில் பல் காப்பு கீழே விழுந்துவிட, அதை நடுவரிடம் சுட்டிக்காட்டிய பிஸ்பிங்கின் முகத்தில் சில்வாவின் முழங்கால் பறந்து வந்து இறங்கியது. முடிந்தது என்று நினைத்து சில்வா கூண்டின் மேல் ஏறிக் கொண்டாடவே ஆரம்பித்துவிட்டார். முடியவில்லை. முகமெல்லாம் ரத்தத்தோடு எழுந்து மிச்ச ரவுண்டுகளையும் போட்டு நடுவர்கள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பில் பிஸ்பிங் ஜெயித்தார்.

நாலு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 4, யு.எஃப்.சி. 199. மோத வேண்டியிருந்த கிறிஸ் வைட்மன் கழுத்துக் காயத்தால் விலக, அப்போதைய சாம்பியன் லூக் ராக்ஹோல்டுடன் பட்டச் சண்டைக்கு 17 நாள் முன்னால் அழைப்பு வந்தது. படப்பிடிப்பில் இருந்தவர் சரி என்றார். ஒன்றரை வருடம் முன்பு இதே ராக்ஹோல்ட் அவரைக் கழுத்தைப் பிடித்துச் சரணடைய வைத்தவர், யாரும் பிஸ்பிங் மேல் பந்தயம் கட்டத் தயாராக இல்லை. முதல் ரவுண்டிலேயே இடது ஹூக், அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து, ராக்ஹோல்ட் விழுந்தார். 37 வயதில், ஒற்றைக் கண்ணோடு, பிரிட்டனின் முதல் யு.எஃப்.சி. சாம்பியன். என் ஆளுக்கு இப்படி ஒரு முகாமை அமைத்துக்கொண்டு, மிகக் குறைந்த வாரத்தில், உடல்தகுதி ஏறாத நிலையில் பட்டச் சண்டைக்குப் போனேன். நான்காவது முயற்சியில்தான் ஜெயித்தேன், ஜெயித்தபோது சோபாவிலிருந்து எழுந்து கத்தியிருக்கிறேன். கூண்டுக்குள் நடப்பதை இந்த விளையாட்டு அவ்வளவு நன்றாகச் செய்கிறது. நின்று அடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தரைச் சண்டை பழக நேரமாகும், எதிராளி எந்தப் பக்கம் புரளப்போகிறான் என்று பார்த்து அதே பக்கம் தடுக்கும் சூட்சுமம் பிடிபட்டபின் சுகமாக இருக்கிறது.

முடிவைத்தான் இவர்கள் எழுதத் தெரியாமல் விட்டிருக்கிறார்கள். பிஸ்பிங் அதே அக்டோபரில் மான்செஸ்டரில், அமெரிக்க டிவி நேரத்துக்காக விடியற்காலை ஐந்து மணிவாக்கில், ஹெண்டர்சனிடம் இரண்டு முறை கீழே விழுந்தும் எழுந்து பழைய கணக்கைத் தீர்த்தார். 2017 நவம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் ஜார்ஜ் செயின்ட் பியர் கழுத்தை நெரித்தபோது தட்டிச் சரணடையாமல் மயங்கியே போனார். மூன்றே வாரத்தில் ஷாங்காயில் கெல்வின் காஸ்டலமிடம் முதல் ரவுண்டில் விழுந்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு மிச்சமிருந்த இடது கண்ணில் வெளிச்சப் பொறிகள் தெரிய ஆரம்பித்தன. 2018 மே மாதம் ஓய்வு. அந்தப் பொறிகளுக்குப் பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து என்ன யோசித்திருப்பார், ரெபெக்கா என்ன சொல்லியிருப்பார், இதுதான் ஒரு வீரனின் தொழில் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு. கரியர் மோடில் ஓய்வு என்பது பதிவேட்டின் கடைசி வரி, அவ்வளவே. டாக்டர் கூண்டுக்குள் வந்து பார்க்கும் காட்சியை இவ்வளவு அக்கறையாகச் செய்தவர்களால், சண்டை முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு காட்சி, வீட்டு மேஜையில் ஒரு காட்சி செய்திருக்க முடியும். அடுத்த பாகத்தில் செய்தால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன்.

வாங்கலாமா என்றால், எம்.எம்.ஏ. பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யோசித்துச் செய்யுங்கள், ரத்தம் அதிகம், அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றுதான் தரச்சான்று. என் அக்கா மகன் பதினொன்று, அவன் வந்தால் நான் டிஸ்க்கை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். என் ஆள் இப்போது 36 வயதில் 19 வெற்றியோடு இருக்கிறான், வலது கண்ணில் அடிவாங்காமல் பார்த்துக்கொள்கிறேன், இன்னும் இரண்டு சண்டை போட்டுவிட்டு நிறுத்தலாம் என்றிருக்கிறேன்.