குழு உரையாடல் அட்டைப் பெட்டி: டோக்கனுக்காகவே வாங்கலாம்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களைக் குழுவாகப் பேச வைப்பதற்கென்று விற்கும் அட்டைப் பெட்டி ஒன்றை ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் டோக்கன்கள், குழுவில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் பொறுப்பு அட்டைகள், கேள்வி அட்டைகள், மணல் கடிகாரங்கள்.

டோக்கன்தான் இதில் உருப்படியான சரக்கு. ஆளுக்கு மூன்று. பேசும்போதெல்லாம் ஒன்றை மேசை நடுவே வைக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எப்போதும் முந்திக்கொள்ளும் ஒரு பையன் எடுத்த எடுப்பிலேயே மூன்றையும் காலி செய்துவிட்டு, மீதி நேரம் சைகையிலேயே வாதாடினான். பிள்ளைகள் இதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள்: "நானும் அதேதான்" என்று சொல்லி டோக்கனைத் தள்ளிவிடுவது. காரணம் சொன்னால்தான் செல்லும் என்று நானே ஒரு விதி சேர்த்தேன்.

கேள்வி அட்டைகள் சுத்த வேஸ்ட். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்பதில் விவாதிக்க என்ன இருக்கிறது? தெரிந்தவன் சொல்வான், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, "டம்ளரில் விளிம்புவரை தண்ணீர், மேலே பனிக்கட்டி மிதக்கிறது. உருகினால் வழியுமா?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டு கட்சியானது. வழியாது; மூழ்கியிருந்த பகுதி பிடித்திருந்த இடத்தில் உருகிய நீர் சரியாக அடங்கிவிடும். "உப்புத் தண்ணீரில் மிதந்தால்?" என்றாள் ஒரு மாணவி. அப்போது கொஞ்சம் வழியும். அந்தக் கேள்வி என் குறிப்பில்கூட இல்லை.

கையேட்டில் பெரிய குறை, யோசிக்க நேரமே ஒதுக்கவில்லை. கடிகாரத்தைக் கவிழ்த்ததும் பேசத் தொடங்கச் சொல்கிறது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறையும் இதுதான்: முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு, அப்புறம் எல்லோரிடமும் சொல். அதனால் முதல் நிமிடம் என் வகுப்பில் யாரும் பேசக் கூடாது. மணல் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை, நேரத்துக்கு என் செல்போன்தான்.

பொறுப்பு அட்டை பரவாயில்லை. ஆனால் குறிப்பெடுப்பவர் எழுதிக்கொண்டே இருந்து பேசாமல் போகிறார். ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றுங்கள். அட்டை முனைகள் சீக்கிரம் மடங்குகின்றன, வாங்கியதும் லேமினேட் செய்துவிடுங்கள். டோக்கனை மட்டும் தனியாக விற்றால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். முழுப் பெட்டிக்கு மூன்று.