மேண்டலின் ஸ்லைசர் வாங்கி எட்டு மாசம்: சீஸ் போட்ட உருளைக்கிழங்கு கிரட்டானுக்காக

கிரட்டான்னா உருளையை வில்லையாச் சீவி, பால் கிரீமோட அடுக்கி ஓவன்ல வேகவைக்கற பிரெஞ்சுப் பலகாரம். அது பண்றதுக்குன்னே இந்த ஸ்லைசரை வாங்கினேன். வாங்கி எட்டு மாசம் ஆச்சு, அனேகமா வாரம் ஒரு தடவையாவது வெளிய எடுத்திருக்கேன், அதனால இப்ப தைரியமா எழுதலாம்னு தோணுது.

மேண்டலின்னா பெரிசா ஒண்ணும் இல்லீங்க, நேந்திரம் சிப்ஸ் கடையில எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலயே வச்சு சரக் சரக்னு சீவுவாங்களே, அந்தக் கட்டை தான். இதுல சைடுல ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினா வில்லை எத்தனை மில்லிமீட்டர் கனத்துல விழணும்னு மாத்திக்கலாம். என்னோடது ஸ்டீல் பிளேடு, பிளாஸ்டிக் பலகை, கால் மடக்கி வைக்கிற மாடல், 1150 ரூபாய். கம்பெனி பேரு போடல, ஒரே அச்சுல வார்த்த மாதிரி நாலஞ்சு பேர்ல இதே ஐட்டம் வருது.

இதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கத்தியால தான் நறுக்கினேன். ஒரு கிலோ உருளை நறுக்க அரை மணி நேரம் ஆகும், அதுவும் ஒண்ணு தாள் மாதிரி இருக்கும் ஒண்ணு அப்பளக்கட்டு மாதிரி இருக்கும், ஓவன்ல வச்சா மெல்லிசா இருந்தது குழைஞ்சு கஞ்சியாயிடும், தடிமனா இருந்தது நறுக்குன்னு பல்லுல மாட்டும். நான் என்ன நெனச்சேன்னா சீஸ் சரியில்லன்னு நெனச்சேன். அதனால வெளிநாட்டு க்ரூயேர் சீஸ் ஒரு சின்னத் துண்டு எழுநூறு ரூபா கொடுத்து வாங்கிப் போட்டேன், மேல மட்டும் அருமையா இருந்துச்சு, உள்ள அதே கதை தான். கோளாறு சீஸ்ல இல்ல, வில்லையிலன்னு புரிய அவ்வளவு காசு செலவாச்சு.

கிரட்டான்ங்கற பேரே பிரெஞ்சுல சுரண்டறதுங்கற அர்த்தம் வர்ற வார்த்தையில இருந்து வந்தது. திரட்டுப்பால் கிண்டின உருளியில ஓரத்துல ஒட்டியிருக்கறதைச் சுரண்டித் திங்கறதுக்கு வீட்ல பிள்ளைங்க சண்டை போடுமே, அதே ஆசை தான் அங்கயும். பிரான்ஸோட தென்கிழக்குல டோஃபினேன்னு ஒரு பகுதி, அங்க காப்ங்கற ஊர்ல 1788 ஜூலை 12ம் தேதி நடந்த ஒரு விருந்துல தான் இந்த உருளைக்கிழங்கு கிரட்டானோட பேரு முதல் தடவையா எழுத்துல வருது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த ஊர்ப் பழைய முறையில சீஸே கிடையாது. உருளை, பால், கிரீம், பூண்டு, அவ்வளவு தான். சீஸ் போடறது பக்கத்துல இருக்கற சவோய்ங்கற பகுதியோட வழக்கம். அப்ப சீஸே இல்லாம ஒரு பலகாரம் கெட்டியா நிக்குதுன்னா அதைப் பிடிச்சு வைக்கறது எது? உருளையில இருக்கற மாவுச்சத்து. அது ஒரே சீரா வெளிய வரணும்னா வில்லை ஒரே சீரா இருக்கணும். அதுக்குத் தான் இந்தக் கட்டை.

மில்லிமீட்டர் கணக்கு சொல்றேன். ரெண்டுல வச்சா சீக்கிரம் வெந்து அடுக்கு தெரியாமப் போயிடுது. அஞ்சுல வச்சா ஒண்ணேகால் மணி நேரம் ஆனாலும் நடுவுல வேகல. மூணு தான் சரி. ஒரு கிலோவை அஞ்சு நிமிஷத்துக்குள்ள சீவி முடிச்சிடலாம், சீவின வில்லையைக் கையில எடுத்துப் பார்த்தா ஒரு பக்கம் தடிப்பு ஒரு பக்கம் ஒல்லின்னு இல்லாம சீட்டுக்கட்டு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா லேசா ஈரம் மின்னும். அந்த ஈரத்துல தான் மாவுச்சத்து இருக்கு, தயவுசெஞ்சு கழுவிடாதீங்க. நம்ம பழக்கத்துல நறுக்கின உடனே தண்ணியில போட்டுடுவோம், பொரியலுக்கு அது சரி, இதுக்குக் கூடாது. கறுத்துடும்னு பயமா இருந்தா முதல்ல பாலை அடுப்புல வச்சுட்டு நேரா அதுக்குள்ளயே சீவுங்க.

நான் பண்ற அளவு: ஊட்டி உருளை ஒரு கிலோ, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 300 மில்லி, அமுல் ஃபிரெஷ் கிரீம் ஒரு 250 மில்லி பாக்கெட், பூண்டு நாலு பல் நசுக்கி, உப்பு, மிளகுத்தூள், ஜாதிக்காய் ரெண்டு தேய்ப்பு. எல்லாத்தையும் அகலமான சட்டியில போட்டு சின்னத் தீயில எட்டு பத்து நிமிஷம் உடையாம மெதுவாப் புரட்டிக்கிட்டே இருந்தா பால் தானா பாயசம் பதத்துக்கு வரும், அப்ப வெண்ணெய் தடவின தட்டுல அடுக்கிட்டு ஃபாயில் மூடி 180 டிகிரியில நாப்பது நிமிஷம், அப்புறம் திறந்து சீஸ் தூவி இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம். கொழுப்பு கம்மியான பாலா இருந்தா திரிதிரியாப் போயிடும், இதுல சிக்கனம் பாக்காதீங்க. உருளை நான் மேட்டுப்பாளையம் மண்டிப் பக்கம் போறவங்க கிட்ட சொல்லி விட்டு வாங்கறேன், கோயமுத்தூர்ல இருக்கறதால அந்த வசதி. கோல்ட் ஸ்டோரேஜ்ல ரொம்ப நாள் கிடந்த உருளையில இனிப்பு ஏறியிருக்கும், மேல சீக்கிரம் கருகிடும்.

சீஸ் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அதைத் தான் கேக்கறாங்க. மொசரெல்லா பாதி செடார் பாதி, மொத்தம் 150 கிராம். மொசரெல்லா நூல் நூலா இழுபடும் ஆனா ருசி கம்மி, செடார்ல ருசி இருக்கு ஆனா அது மட்டும் போட்டா எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும். சாதா பிராசஸ்ட் சீஸ் கட்டியைத் துருவிப் போட்டாலும் மோசம் இல்ல, எண்ணெய் பிரியாம இருக்கறதுக்குன்னே அதுல உப்பு வகை சேர்க்கறாங்க, அதனால வழுவழுன்னு உருகும், இழுபடாது. துருவியே விக்கற பாக்கெட் வேண்டாம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஸ்டார்ச் மாதிரி ஏதாவது தூவியிருப்பாங்க.

மத்த கிழங்கெல்லாம் இந்தக் கட்டையில எப்படின்னா, கேரட் சர்க்கரைவள்ளி ரெண்டும் வெண்ணெய் மாதிரி இறங்குது. சேனையைச் சீவறதுக்குக் கை வலிக்கும், துண்டு துண்டா வெட்டிட்டு சீவணும். ஒரு தடவை சேனை கிரட்டான் பண்றப்ப அரிப்பு போகணுமேன்னு வழக்கம் போல புளித்தண்ணியில வேகவச்சு எடுத்துட்டு அப்படியே பால்ல போட்டேன், பால் மொத்தமும் திரிஞ்சு போச்சு, ஒரு பாக்கெட் கிரீம் வீண். புளியில அமிலம்னு தெரிஞ்சும் அந்த நேரத்துல தோணல. அடுத்த தடவை மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு நல்லா வேகவச்சு தண்ணியைக் கொட்டிட்டு, கூட ரெண்டு உருளையும் சேர்த்துப் பண்ணேன், அம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. எங்க வீட்ல சேனைன்னா வறுவல் தவிர வேற எதுக்கும் அவங்க கை நீட்டினதே இல்ல.

இப்ப குறை. கூடவே கொடுத்திருக்கற கைப்பிடி மூடி, அதாவது கிழங்கைக் குத்திப் பிடிச்சுக்கிட்டு நாம தள்ளற அந்த கார்டு, பெரிய உருளைக்குத் தான் சரியா வருது, சின்னதுல வழுக்குது. ரெண்டாவது வாரமே அதைத் தூக்கி வச்சுட்டு வெறுங்கையில சீவினேன், கட்டைவிரல் நுனி போச்சு, ரத்தம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. பிளேடு அவ்வளவு கூர், பட்டது கூடத் தெரியல. அன்னிக்கே வெட்டுப்படாத கையுறை ஒண்ணு 280 ரூபாய்க்கு வாங்கினேன். இதை டப்பாவோடயே வச்சுக் கொடுத்திருக்கணும், அதுல எனக்கு உண்மையிலேயே கோவம். பிள்ளைங்க இருக்கற வீட்ல மேல் ஷெல்ஃப்ல, பிளேடை ஜீரோவுக்குத் திருப்பி வைங்க.

மூணாவது மாசம் கால்ல இருந்த ரப்பர் ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், போட்டோவும் அனுப்பினேன், இன்னி வரைக்கும் பதில் இல்ல. இப்ப அடியில ஈரத்துணி மடிச்சு வச்சு ஓட்டறேன், நகர மாட்டேங்குது. டப்பாவுல 9 மில்லிமீட்டர் வரைக்கும்னு போட்டிருக்கு, 6க்கு மேல பலகை லேசா ஆடுது, வில்லை கோணலா விழுது.

கழுவறது முக்கியம். சீவின உடனே கழுவலேன்னா பிளேடு இடுக்குல மாவு வெள்ளையாக் காஞ்சு சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும், பழைய டூத்பிரஷ் ஒண்ணை இதுக்குன்னே வச்சிருக்கேன், கூர் இருக்கற பக்கத்துல இருந்து வெளிப்பக்கமாத் தான் தேய்க்கணும். எட்டு மாசத்துல கூர் கொஞ்சம் கூடக் குறையல, தக்காளியையே நசுங்காம சீவுது. பலகை மட்டும் கேரட் பட்டு ஆரஞ்சாயிடுச்சு, போகல.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். வாங்கறவங்க கையுறையையும் அதே ஆர்டர்ல போட்டுடுங்க, அது வந்து சேர்ற வரைக்கும் டப்பாவைப் பிரிக்காதீங்க.