கயாக் மோட்டார்: பக்கவாட்டிலா, பின்னாலா, முன்னாலா?

மீன்பிடி கயாக்கில் மோட்டார் மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பவுண்டு வாங்கலாம்?" என்பதுதான். பவுண்டு என்பது இங்கே எடை இல்லை, மோட்டார் தள்ளும் விசையின் அளவு. 30 போதுமா, 45 போகலாமா, 55 வாங்கினால் பறக்குமா. நானும் இதைத்தான் கேட்டேன், 55 வாங்கினேன், பறக்கவில்லை. அப்புறம் 30-க்கு இறங்கி, அதே மோட்டாரைப் பக்கவாட்டில் ஒரு வருஷம், பின்முனையில் இரண்டு வருஷம் மாட்டி ஓட்டினேன். நண்பர் ஒருவரின் முன்முனை ஜிபிஎஸ் மோட்டாரையும் அவர் எரிச்சலாகும் வரை இரவல் வாங்கிப் பார்த்தாயிற்று. பவுண்டு கணக்கு பெரிய விஷயமே இல்லை, மோட்டார் கயாக்கின் எந்த இடத்தில் தொங்குகிறது என்பதில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது.

பவுண்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்த ஓடத்துக்கும் அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். 12 அடிக்கு சுமார் 4.6 நாட், அதாவது மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அந்த எல்லையை நெருங்க நெருங்க, கொஞ்சம் வேகம் கூட்டவே கொள்ளை கொள்ளையாக மின்சாரம் போகும். போதாததற்கு, நாம் மாட்டுகிற டிரோலிங் மோட்டாரின், அதாவது பேட்டரியில் ஓடும் சின்ன மின்மோட்டாரின் ப்ரொபெல்லர் மெதுவாகத் தள்ளுவதற்கென்றே வடிவமைத்தது. எனக்கு 30 பவுண்டில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வந்தது, 55-இல் ஏழு சொச்சம். அந்த ஒரு கிலோமீட்டருக்காக முழு வேகத்தில் 30 ஆம்பியருக்குப் பதில் 50 ஆம்பியர் இழுக்கிறது. எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் 55-க்கு வேலை உண்டு, அதை மறுக்கவில்லை. தேங்கிய நீரில் மீன் பிடிப்பவருக்கு அது வீண் சுமை.

சரி, இடத்துக்கு வருவோம்.

பக்கவாட்டு மாட்டல்தான் இருப்பதிலேயே சுலபம். இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஒரு சட்டம், அதன் நுனியில் ஒரு மரக்கட்டை, கட்டையில் மோட்டாரின் கிளாம்பு. பல கயாக்குகளின் விளிம்பில் கருவிகள் மாட்ட ஏற்கனவே உள்ள தண்டவாளத்திலேயே சட்டத்தைப் பிடித்துவிடலாம், ஒரு துளைகூடப் போட வேண்டாம். கைப்பிடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாசி சுற்றினால் மோட்டாரைத் தூக்கி, உருவி எறிந்துவிட்டுக் கிளம்பலாம், எழுந்திருக்கவே வேண்டாம். குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. இடப்பக்கம் மாட்டினால் மூக்கு ஓயாமல் வலப்பக்கம் ஓடும், அதை நேராக்க மோட்டாரைக் கொஞ்சம் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். துடுப்பு போடும்போது அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் இடிக்கும். கடைசியில் பெரிய மீன் ஒன்று மாட்டும்போது அது நேரே மோட்டார் இருக்கும் பக்கம்தான் ஓடும், மீனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

பின்முனை மாட்டல் வேறு ரகம். கயாக் நேராக ஓடுகிறது, இரண்டு பக்கமும் காலி, துடுப்புக்கும் தூண்டிலுக்கும் தடையில்லை. சுக்கானுக்கென்று கம்பெனியே விட்டிருக்கும் துளைகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் மாட்டுவதற்கு ஒரு வார இறுதி போய்விடும். சாதாரண மோட்டாரின் தண்டு கயாக்குக்கு நீளம், வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும், உள்ளே ஓடும் வயரை வெட்டாமல் குழாயை மட்டும் வெட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. திருப்புவதற்கு கால்மிதியிலிருந்து கயிறோ கேபிளோ இழுக்க வேண்டும், கரை வரும்போது தூக்க இன்னொரு கயிறு, வேகத்தைக் கூட்டக் குறைக்க சுவிட்சை முன்னால் கொண்டுவர வேண்டும். இந்தத் தூக்கும் கயிற்றை முதல் நாளே சரியாகப் போடுங்கள். நான் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டு, மூன்றாவது தடவையே மணல் திட்டில் ப்ரொபெல்லரைச் செருகினேன். ப்ரொபெல்லரைத் தண்டோடு பிடித்திருக்கும் ஷியர் பின் உடைந்தது, அது உடைவதற்காகவே வைத்த பின் என்பதால் மோட்டார் பிழைத்தது. மாற்றுப் பின் கரையில் பெட்டியில் இருந்தது.

துளை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கயாக் பெரும்பாலும் பாலிஎதிலீன், அதில் சாதாரண சிலிக்கான் நிரந்தரமாக ஒட்டாது, சில மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். பசையை நம்பி எடையைத் தொங்கவிடக் கூடாது. உள்ளே கை போகுமென்றால் துருப்பிடிக்காத போல்ட், அகலமான வாஷர், முடிந்தால் பின்னால் ஒரு தகடு. கை போகாத இடத்தில் உள்ளே மூன்று இதழாக விரியும் ரிவெட். பசை தண்ணீரைத் தடுக்க மட்டும்.

முன்முனை, மீனவர் வழக்கில் அணியம், அங்கே மாட்டும் மோட்டார் கயாக்கைத் தள்ளாமல் இழுக்கிறது. மூக்கை எங்கே இழுக்கிறதோ அங்கே உடம்பு பின்னாலேயே வரும். இதன் உண்மையான மதிப்பு ஜிபிஎஸ்ஸில்தான். மின் கோட்டா (Minn Kota) கம்பெனியின் ஸ்பாட்-லாக் போன்ற வசதியை அழுத்திவிட்டால் காற்று அடிக்க அடிக்க மோட்டார் தானே திரும்பித் திரும்பி ஓடி அதே இடத்தில் நிறுத்தும். நங்கூரம் இல்லாமல், சேற்றைக் கலக்காமல், இரண்டு கையாலும் தூண்டில் போடலாம். நண்பரின் கயாக்கில் முதல் அரை மணி நேரம் நான் மீனே பிடிக்கவில்லை, மோட்டார் தானாகத் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எடை அதிகம், அதுவும் மிக மோசமான இடத்தில். அலை இருக்கும் நாளில் மூக்கு தாழ்ந்து தண்ணீர் ஏறும், அடுத்த நொடி மூக்கு எழும்ப ப்ரொபெல்லர் காற்றில் சுற்றிக் கத்தும். இந்த எடையைச் சரிக்கட்ட பேட்டரி பின்னால் போக வேண்டும். காற்றில் ஒரே இடத்தில் நின்று பிடிப்பவர் என்றால் இதற்கு ஈடு எதுவும் கிடையாது. கரையோரமாக நகர்ந்துகொண்டே பிடிப்பவருக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

எதையும் வெட்டி ஒட்ட மனமில்லாதவர்களுக்குத் தயார் நிலையில் வருபவையும் உண்டு. ஓல்டு டவுன் கம்பெனியின் ஆட்டோபைலட் கயாக்கில் 45 பவுண்டு மின் கோட்டா மோட்டார் நடுவிலேயே பொருந்தி, ஸ்பாட்-லாக்கோடு வருகிறது. எடைச் சமநிலைக்கு நடுவைவிட நல்ல இடம் இல்லை. டார்கீடோ கம்பெனியின் அல்ட்ராலைட், பின்முனைக்கென்றே செய்த மெலிந்த மோட்டார், லித்தியம் பேட்டரி, ஜிபிஎஸ் வேகம், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கணக்கு எல்லாம் சேர்த்தே வரும். இரண்டும் நல்ல பொருள்கள்தான். ஒன்றுக்கு கயாக்கையே மாற்ற வேண்டும், இன்னொன்றில் நடுவழியில் ஏதாவது போனால் பொதுவான உதிரிபாகத்தை வைத்து ஒப்பேற்ற முடியாது.

என் தேர்வைக் கேட்டால், முதல் வருஷம் பக்கவாட்டில் ஓட்டுங்கள், எதையும் துளைக்காமல். மோட்டார் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு பின்முனைக்குப் போங்கள். நான் இப்போது பின்முனையில்தான் இருக்கிறேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

பேட்டரியில் ஈய-அமிலமா, லித்தியமா என்பது ஒரு காலத்தில் விவாதம். இப்போது எனக்கு அதில் விவாதமே இல்லை, காரணம் முதுகு. 50 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமிலத்தில் ஒரு வகை) பேட்டரி 14, 15 கிலோ, அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஐந்தாறு கிலோ. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், வேகமாக மின்சாரம் எடுத்தால் சொன்ன அளவைவிடக் குறைவாகவே கொடுக்கும். 30 ஆம்பியரில் முழு வேகம் ஓட்டினால் முக்கால் மணி நேரம்கூட நிச்சயமில்லை. லித்தியம் ஒன்றரை மணி நேரம் தாங்கும், கடைசி வரை வேகமும் குறையாது. அதுதான் அதன் ஆபத்தும். ஈய பேட்டரி தளர்வதை மோட்டாரின் சத்தத்திலேயே கேட்கலாம். லித்தியத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய சமமாகவே இருந்துவிட்டு, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று ஒரே நொடியில் இணைப்பைத் துண்டிக்கும். வோல்ட் மீட்டரை நம்பாமல், போன ஆம்பியர்-மணியை எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்எஸ் தொடர்ந்து தாங்கும் ஆம்பியர் மோட்டாரின் உச்சத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். லித்தியத்துக்கென்று உள்ள, 14.6 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர்தான் வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது.

வயர் பற்றி யாரும் பேசுவதில்லை. பின்முனை மோட்டாருக்கு எடையைச் சமன்படுத்த பேட்டரி முன்னால் போகும், வயர் மூன்று மீட்டர் நீளும், போக வர ஆறு. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும், வயர் கையில் வெதுவெதுப்பாகத் தெரியும். 16 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.2 வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய தாமிர வயர் உப்பைத் தாங்கும். பிரேக்கர் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. உடம்போடு கட்டிக்கொள்ளும் அவசர நிறுத்தக் கயிறும் அவசியம். தண்ணீரில் விழுந்தவரை விட்டுவிட்டு கயாக் தனியாகப் போவதைப் பார்த்தவர்கள் இதைப் பற்றி வாதாடமாட்டார்கள். மோட்டார் மாட்டினால் பதிவு செய்ய வேண்டிய நீர்நிலைகளும் உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் மூன்று வகைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: கைக்கு எட்டுவதைத்தான் நாம் பார்க்கிறோம். பக்கவாட்டில் இருந்த வரை ப்ரொபெல்லரைத் தினமும் பார்த்தேன். பின்னால் போன பிறகு இரண்டு மாதம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் நட்டைக் கழற்றி ப்ரொபெல்லரை உருவினால், தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு, தையல் மிஷின் பாபினில் நூல் சுற்றியது போல அடுக்கடுக்காக, அடியில் சூட்டில் உருகி ரப்பர் சீலோடு ஒட்டிப்போய். நகத்தால் முடியவில்லை, பழைய தூண்டில் முள்ளால் ஒவ்வொரு சுற்றாகக் கிளறி எடுத்தேன். சீலின் உதட்டில் மெல்லிய வெட்டு விழுந்திருந்தது. அது வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் மோட்டாரின் கதை முடிந்திருக்கும்.

அதிலிருந்து நாலு தடவைக்கு ஒரு முறை ப்ரொபெல்லரைக் கழற்றுகிறேன். உப்புத் தண்ணீரில் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசல், மோட்டாருக்குப் பதில் தான் அரிபடுவதற்காக மாட்டியிருக்கும் துத்தநாக ஆனோடு பாதி கரைந்திருந்தால் புதிது, பேட்டரி முனைகளில் கொஞ்சம் கிரீஸ். நட்டு, ஷியர் பின், ஒரு சின்ன ஸ்பேனர் மூன்றையும் சிறு பையில் போட்டு உயிர்காப்பு உடையின் பையிலேயே வைத்திருக்கிறேன், கரையில் விட்டுவிட முடியாத ஒரே இடம் அதுதான். துடுப்பு எப்போதும் போல மடியில்.