வாட்ச் கண்ணாடியில் கீறல்: தேய்ப்பதா, மாற்றுவதா, விட்டுவிடுவதா?

வாட்ச் கண்ணாடியில் கீறல் விழுந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்வார் ஒருவர், கண்ணாடியையே மாற்றச் சொல்வார் இன்னொருவர். எது பலிக்கும் என்பது உங்கள் வாட்சில் இருப்பது அக்ரிலிக்கா, மினரல் என்கிற சாதாரணக் கண்ணாடியா, சஃபையர் என்கிற செயற்கை நீலக்கல்லா என்பதைப் பொறுத்தது. பல வாட்சுகளில் பின்மூடியிலேயே பொறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் நகத்தால் தட்டிப் பாருங்கள். அக்ரிலிக் பிளாஸ்டிக் ஜாதி, மந்தமாகச் சத்தம் வரும். கன்னத்தில் வைத்தாலும் கண்ணாடி அளவுக்குச் சில்லென்று இருக்காது.

பழைய எச்எம்டி ஜனதா, பைலட் எல்லாம் அக்ரிலிக்தான். சட்டைப் பொத்தான் உரசினாலே கோடு விழுகிற அளவுக்கு மென்மை. ஆனால் அந்த மென்மைதான் வசதியும்கூட: கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கொஞ்சம் தேய்த்துச் சமப்படுத்தினால் கோடு மறைந்துவிடும். இதற்கென்றே வரும் பாலிவாட்ச் என்ற ஜெர்மன் பசை சின்ன டியூப்பில் கிடைக்கிறது. மெல்லிய துணியில் தொட்டு, சில நிமிடம் அழுத்தித் தேய்த்தால் போதும். வெள்ளைப் பற்பசையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக. மேலோட்டமான கோடுகளுக்கு மட்டும். நகம் தட்டுப்படுகிற ஆழமான கீறல் என்றால் 1000, பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணாடி முழுக்க மங்கிப்போய்ப் பயமுறுத்தும். அப்புறம் பசை போட்டால் தெளிந்துவிடும். தொடங்கும் முன் சுற்றியுள்ள உலோகத்தில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கேஸில் புதுக் கீறல் விழும். விரிசல் இருந்தால் தேய்க்கவே வேண்டாம், மாற்றிவிடலாம்.

மினரல் கண்ணாடிதான் சங்கடமான இடம். சீக்கோ 5 வாட்சுகள் பலவற்றில் உள்ள ஹார்ட்லெக்ஸும் இந்த வகைதான். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 5, 6 வாக்கில் இருக்கும். மணலிலும் கிரானைட்டிலும் இருக்கிற குவார்ட்ஸ் 7. அதனால்தான் சுவரிலோ சமையல் மேடையிலோ ஒரு உரசல் போதும். பற்பசை இங்கே எடுபடாது; எத்தனை காணொளிகள் சத்தியம் செய்தாலும் சரி. சீரியம் ஆக்சைடு தூளைக் குழைத்து, கம்பளிச் சக்கரத்தில் ஓட்டினால் லேசான கோடுகள் போகும். ஆனால் நேரம் இழுக்கும், சூடேறினால் கண்ணாடி விரியலாம், ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, உள்ளே எழுத்து நெளிந்து தெரியும். வட்டமான தட்டைக் கண்ணாடி எல்லா அளவிலும் வருகிறது, விலையும் அதிகமில்லை. அதனால் என் ஓட்டு மாற்றுவதற்கே. சதுரம், வளைவு என்றால் அளவு கிடைப்பது கஷ்டம். அப்போது மட்டும் சீரியம் பற்றி யோசிக்கலாம்.

மாற்றும்போதே சஃபையர் போட்டுக்கொள்ளலாமா? சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 போலப் பிரபலமான மாடல் என்றால் 31.5 மி.மீ. அளவில் தயாராகவே கிடைக்கும், தாராளமாகப் போடலாம். சஃபையரின் கடினம் 9. வைரம், சிலிக்கன் கார்பைடு மாதிரி சிலவற்றால்தான் கீற முடியும். கீறல்படாது என்பதால் உடையாது என்று நினைத்துவிட வேண்டாம். ஓங்கி அடிபட்டால் சில்லுச் சில்லாக உடைந்து உள்ளே மெஷினில் விழும். விண்வெளிக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் ஹெசலைட் என்ற அக்ரிலிக் இருந்ததன் சௌகரியம் இதுதான். அடிபட்டாலும் அது சில்லுகளாகச் சிதறாது. இன்றும் அந்த வாட்ச் ஹெசலைட், சஃபையர் இரண்டிலும் விற்கிறது.

சஃபையர் வாட்சில் கீறல் தெரிகிறதா? பெரும்பாலும் அது கண்ணாடியில் இல்லை, மேலே பூசிய ஒளி எதிரொளிப்புத் தடுப்புப் படலத்தில் இருக்கும். வைரப் பசையால் தேய்த்தால் படலமும் சேர்ந்து போய்விடும். சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் அப்படியே விட்டுவிடுவது மேல்.

எந்தக் கண்ணாடியை மாற்றினாலும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் பிரஷர் டெஸ்ட் செய்யும் கருவி இல்லையென்றால், பின்மூடியில் 100 மீட்டர் என்று பொறித்திருந்தாலும் அந்த வாட்சோடு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள்.